மௌனம் சம்மதமா? ஒரு சுமைப் பகிர்வியின் எச்சரிக்கைப் பக்கத்தை வரலாறாக வாசித்தல்

(சற்றே நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்களையும், பல்கலைக்கழக இணையவாயில்களின் முன் காத்துக் கிடந்த அனுபவமுள்ள அனைவரையும் மனத்தில் வைத்து எழுதியது.)

சென்ற பருவத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் அது. நான் ஆய்வு மேற்கொண்டிருக்கும் பல்கலைக்கழகத்தின் மாணவர் இணையவாயில் முற்பகல் 11 மணியளவில் தள்ளாடத் தொடங்கி, நண்பகலுக்குள் முற்றிலும் நின்றுபோனது. மாலையில் அது மீண்டெழுந்தபோது அலுவலக நேரம் முடிந்திருந்தது. மறுநாள் முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் தாமதக் கட்டணம் விதிக்கப்பட்டது. "கடைசி நாள் வரை ஏன் காத்திருந்தீர்கள்?" என்பதே அலுவலகத்தின் கேள்வி. உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் கட்டணம் செலுத்த இயலும் என்ற நிலையிலிருந்த மாணவர்களிடம் அக்கேள்வி கேட்கப்பட்டது.

நடந்தது என்ன என்பது பின்னர் விசாரித்ததில் தெரியவந்தது. இணையவாயிலை இரண்டு சர்வர்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால், லோட் பேலன்சர் என்று பொறியாளர்கள் அழைக்கும் சுமைப் பகிர்வி ஒன்று அமர்ந்து, வரும் கோரிக்கைகளை இரண்டுக்கும் பிரித்தளிக்கிறது. இரண்டில் ஒன்று, கடைசி நாளுக்கு 11 நாள்கள் முன்பே செயலிழந்துவிட்டது. சுமைப் பகிர்வி தன் கடமையைச் செவ்வனே செய்தது. செத்த சர்வரைப் பட்டியலிலிருந்து விலக்கி, எல்லாக் கோரிக்கைகளையும் உயிரோடிருந்த மற்றொன்றுக்கு அனுப்பியது. பயனர் எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. 11 நாள்கள் இணையவாயில் ஒற்றைக் காலில் நின்றது. கடைசி நாளின் கூட்டம் வந்து ஏறியதும் அந்தக் காலும் மடங்கிற்று.

கருவி எச்சரிக்கவில்லையா? எச்சரித்தது. முதல் சர்வர் விழுந்த உடனேயே செய்தி அனுப்பியது. ஆனால் செய்தி சென்று சேர வேண்டிய இடமாகப் பதிவாகியிருந்தது, முன்பொரு காலத்தில் கண்காணிப்புக்கென்று வைக்கப்பட்டிருந்த ஒரு கணினியின் ஐபி முகவரி. அதைப் பார்த்துவந்த ஊழியர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணினியோ அவருக்கு முன்பே கழித்துக்கட்டப்பட்டுவிட்டது. இல்லாத கணினிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த கருவிக்கு, அது போய்ச் சேரவில்லை என்பது தெரியாது. ஏன் தெரியாது என்பதற்கு விடை 1988ஆம் ஆண்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கணினி மையத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் அந்தக் கருவியின் எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஒரு வரி. அது இயக்கத்தில் உள்ளதா, எந்த மதிப்பைக் கடந்தால் எச்சரிக்க வேண்டும், எந்த மதிப்புக்குத் திரும்பினால் இயல்பு நிலை எனக் கொள்ள வேண்டும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை, தீவிரம் எத்தகையது, பதிவேட்டில் எழுத வேண்டுமா என்று கட்டங்கள். யாருக்கு அனுப்புவது என்பதற்குத் தனியே ஒரு பட்டியல். ஆவணக் காப்பகங்களில் பழைய நிர்வாகப் படிவங்களை வாசித்துப் பழகிய கண்ணுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை. எந்தப் படிவத்திலும் ஒவ்வொரு கட்டமும் எப்போதோ எங்கோ நேர்ந்த ஓர் இடரின் எச்சம். இந்தப் பக்கத்தையும் அவ்வாறு வாசிக்க முடியுமா என்று பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

செயலிப் பயன்பாட்டுக்கான வரம்பு 95 விழுக்காடு என்று அப்பக்கத்தில் இருந்தது. ஏன் 95 என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "வைத்துவிட்டுப் போனவரைத்தான் கேட்க வேண்டும்."

சுமை எவ்வளவு ஆனால் அபாயம் என்ற கேள்வியை முதன்முதலில் கணக்காகப் போட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தொலைபேசி அழைப்புகளின் வரத்தை நிகழ்தகவைக் கொண்டு ஆராய்ந்த கட்டுரையை 1909இல் வெளியிட்டார். இத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்பதைச் சொல்லும் புகழ்பெற்ற வாய்பாடு 1917இல் வந்தது. தொலைபேசிச் சுமையின் அலகுக்கு இன்றும் அவர் பெயரே. அவர் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரி ஒன்று உண்டு: ஒரே சாளரம், தற்செயலாக வந்து சேரும் மக்கள். சாளரத்துக்கு 50 விழுக்காடு வேலை இருக்கும்போது, ஒருவர் வந்து வேலை முடித்துத் திரும்பும் சராசரி நேரம் வெறும் சேவை நேரத்தைப்போல் இரு மடங்கு. வேலை 90 விழுக்காடானால் பத்து மடங்கு. 95 ஆனால் இருபது மடங்கு. 90க்கும் 95க்கும் இடையே காகிதத்தில் ஐந்தே புள்ளிகள். வரிசையில் நிற்பவருக்கோ காத்திருப்பு இரட்டிப்பாகிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இதை வாய்பாடு இன்றியே விளக்கலாம். ஆகவே 95இல் ஒலிக்கும் மணி, கூட்டம் கதவை உடைத்த பிறகு ஒலிக்கும் மணி.

சுமைப் பகிர்வியின் பின்னால் இரண்டே சர்வர்கள் இருக்கும்போது கணக்கு இன்னும் கடுமையானது. இரண்டும் தலா 60 விழுக்காடு சுமை தாங்கினால், பார்வைக்கு இரண்டும் நலம். எந்த வரம்பும் மீறப்படவில்லை. ஒன்று விழுந்தால் மற்றொன்றின் தலையில் ஏறுவது 120. உண்மையான வரம்பு அங்கே 95 ஆக இருக்க முடியாது. 50ஐத் தாண்டிய நாளிலேயே, ஒன்று போனால் மற்றொன்று தாங்கும் என்ற உறுதி பறிபோய்விட்டது. தனித்தனிக் கருவிகளின் நலத்தை எத்தனை கவனமாக அளந்தாலும் இந்தச் செய்தி எந்த அளவியிலும் தெரியாது. அதை யாராவது உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இனி மௌனத்துக்கு வருவோம். இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு, அதைக் கட்டிய பிபிஎன் நிறுவனம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் 1970இல் ஒரு வலையமைப்புக் கட்டுப்பாட்டு மையத்தை அமைத்தது. ஐஎம்பி எனப்பட்ட ஒவ்வொரு கணுக் கணினியும் தன் நிலையையும் தன்னோடு இணைந்த கம்பிகளின் நிலையையும் குறித்த இடைவெளியில் மையத்துக்கு அறிவித்துக்கொண்டே இருந்தது. செய்தி வராது போனால், அந்தக் கணுவுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். தொலைதூர ஊரொன்றின் கம்பி பழுதுபட்டதைத் தொலைபேசி நிறுவனத்துக்கே பிபிஎன் ஊழியர்கள் அழைத்துச் சொன்னதும், கேம்பிரிட்ஜில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று அவர்கள் நம்ப மறுத்ததும் அக்காலத்தைப் பற்றிய நூல்களில் பதிவாகியுள்ளன. இந்த ஏற்பாட்டில் மௌனத்துக்கு ஒரே பொருள்தான்: இழப்பு.

இந்த ஏற்பாட்டுக்கும் சோதனை வந்தது. 1980 அக்டோபர் 27 அன்று அர்பாநெட் பல மணி நேரம் பயன்பாட்டுக்கு உதவாமல் முடங்கியது. காரணத்தை எரிக் ரோசன் 1981இல் எழுதிய ஆர்எஃப்சி 789 என்ற ஆவணம் விளக்குகிறது. தொழில்நுட்ப வரலாற்று மாணவர்கள் அனைவரும் ஒருமுறை வாசிக்க வேண்டிய ஆவணம் அது. ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் நிலையை மற்றக் கணுக்களுக்கு அறிவிக்கும்போது, அந்தச் செய்திக்கு 0 முதல் 63 வரையிலான வரிசை எண் ஒன்றை இடும். 63க்குப் பிறகு மீண்டும் 0. கடிகார முகப்பில்போல் எண்கள் வட்டமாகச் சுழல்வதால், இரண்டில் எது புதியது என்பதை வட்டத்தில் எது முன்னால் இருக்கிறது என்பதைக் கொண்டே முடிவு செய்வார்கள். அன்று வன்பொருள் பழுதினால் சில பிட்டுகள் உதிர்ந்து, ஒரே கணுவின் பெயரில் 8, 40, 44 என்ற மூன்று எண்களோடு மூன்று செய்திகள் ஒரே நேரத்தில் உலவின. 8ஐவிட 40 புதியது. 40ஐவிட 44 புதியது. வட்டத்தில் சுற்றி வந்தால் 44ஐவிட 8 புதியது. முடிவே இல்லாமல் ஒன்றை ஒன்று வென்றுகொண்டு மூன்றும் வலையமைப்பு முழுவதும் சுழன்றன.

இதில் நம் பொருளுக்கு நேராகத் தொடர்புடைய பகுதி அடுத்து வருவது. அந்த நிலைச் செய்திகளுக்கு உயர் முன்னுரிமை அளிக்கப்பட்டிருந்ததால், அவற்றை வாங்கி அனுப்புவதிலேயே கணுக்களின் நேரம் முழுவதும் கழிந்தது. கம்பிகள் உயிரோடிருக்கின்றனவா என்று சோதிக்கும் பணிக்கு நேரம் கிடைக்கவில்லை. எனவே நலமாக இருந்த கம்பிகளும் செத்தவை என அறிவிக்கப்பட்டன. நோய் கணினியின் செயலியில். எச்சரிக்கை பேசியதோ கம்பியைப் பற்றி. நிலைமையை அறிவிப்பதற்கென்று படைக்கப்பட்ட செய்திகளே நிலைமையைக் கெடுத்தன என்பது இதிலுள்ள முரண். பழுதுக்கு ஆளான அந்த ஒரு கணுவின் பெயரில் வரும் செய்திகளைப் புறக்கணிக்கும்படி மற்றவற்றின் மென்பொருளைத் திருத்திய பிறகே சுழற்சி நின்றது.

1980களின் நடுவில் கணுக்கள் பெருகின. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே வலையமைப்பில் வந்து சேர்ந்தன. எல்லாவற்றிடமும் ஒரே மொழியில் நலம் விசாரிக்க ஒரு பொது நெறிமுறை தேவைப்பட்டது. ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் என்ற நால்வர் வடித்த எஸ்என்எம்பி என்னும் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை 1988 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1067 ஆக வெளிவந்து, 1990இல் ஆர்எஃப்சி 1157 ஆக நிலைபெற்றது. சர்வதேசத் தர அமைப்பின் விரிவான நெறிமுறை ஒன்று நீண்ட காலத் தீர்வாக வரும். அதுவரை இது இருக்கட்டும் என்பதே அன்றைய திட்டம். தற்காலிக ஏற்பாடுகளுக்கு நம் நாட்டு அலுவலகங்களில் எத்தகைய ஆயுள் உண்டோ, அதே ஆயுள் இதற்கும் வாய்த்தது.

எஸ்என்எம்பியின் அடிப்படை முடிவு ஒன்றுதான்: கண்காணிக்கப்படும் கருவி முடிந்தவரை குறைவாகச் சிந்திக்க வேண்டும். கேள்வி கேட்பது மையத்தின் வேலை. கேட்டால் மட்டும் கருவி பதில் சொல்லும். கேளாமலே தானாகப் பேசும் உரிமை ட்ராப் என்ற பெயரில் மிகச் சிக்கனமாக வழங்கப்பட்டது. முதற் பதிப்பில் பெயர் சூட்டப்பெற்ற ட்ராப்கள் ஆறே ஆறு. நான் முற்றிலும் புதிதாகத் தொடங்கினேன். நான் மறுதொடக்கம் செய்தேன். என் இணைப்பு ஒன்று அறுந்தது. என் இணைப்பு ஒன்று மீண்டது. தகுதியற்ற யாரோ என்னிடம் கேள்வி கேட்டார். என் அண்டை வழிச்செலுத்தி தொடர்பற்றுப் போனது. உலகத்துக்குத் தானாகச் சொல்லத் தகுந்தவை இந்த ஆறுதான் என்று அந்நால்வரும் கருதினார்கள். ஏழாவதாக ஒரு வாசலைத் திறந்துவைத்தார்கள்: தயாரிப்பு நிறுவனங்கள் தத்தமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைய சுமைப் பகிர்விகளின் எச்சரிக்கைப் பக்கத்தை நிறைக்கும் நீண்ட பட்டியல் பெரும்பாலும் அந்த ஏழாவது வாசல் வழியாக உள்ளே நுழைந்தது.

ட்ராப் பயணம் செய்வது யுடிபி வழியாக, 162ஆம் எண் வாயிலுக்கு. யுடிபியில் ஒப்புகைச் சீட்டு கிடையாது. சாதாரணத் தபால் பெட்டியில் போட்ட அஞ்சலட்டையைப் போன்றது, சேர்ந்தால் சேர்ந்தது. வலையமைப்பு நெரிசலில் திணறும்போது மேலும் மேலும் ஒப்புகைகளைக் கேட்டு நெரிசலைக் கூட்டக் கூடாது என்ற நியாயம் இதன் பின்னால் உண்டு. 1980இன் அனுபவத்தை நினைத்தால் அந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ட்ராப்பை முழுமையான செய்தியாக அவர்கள் கருதவும் இல்லை. எங்கே, எப்போது கேள்வி கேட்க வேண்டும் என்று மையத்துக்குக் குறிப்புக் காட்டும் சைகையாகவே கருதினார்கள். மையம் எப்படியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பது அவர்களது எடுகோள். 1993இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஒப்புகை கோரும் இன்ஃபார்ம் என்ற செய்தி வகையைச் சேர்த்தது. ஆயினும் பல நிறுவல்களில் ட்ராப் மட்டும் எஞ்சியது. கேள்வி கேட்கும் மையம் காலப்போக்கில் கழன்றுகொண்டது. எங்கள் வளாகத்தில் நேர்ந்தது அதுவே. சைகை காட்டும் கை இருந்தது. பார்க்கும் கண் அகற்றப்பட்டிருந்தது. பிபிஎன் காலத்தில் இழப்பைக் குறித்த மௌனம், இங்கே நலத்தைக் குறிப்பதாக மாறிவிட்டது. மௌனம் சம்மதம் என்பது நம் வழக்கு. எச்சரிக்கைப் பக்கத்தில் அதைவிட அபாயகரமான வழக்கு வேறில்லை.

வரம்பு மதிப்புக்கு அருகிலேயே இயல்பு மதிப்பு என்ற இன்னொரு கட்டம் இருந்ததைச் சொன்னேன். அது 1991இல் ஸ்டீவ் வால்ட்பஸ்ஸர் எழுதிய ஆர்எஃப்சி 1271 அறிமுகப்படுத்திய ஆர்மான் என்ற தொலைக் கண்காணிப்பு முறையிலும் காணப்படுவது. ஏறு வரம்பு ஒன்று, இறங்கு வரம்பு ஒன்று. அளவு ஏறு வரம்பைத் தொட்டதும் ஒருமுறை மணி அடிக்கும். பிறகு இறங்கு வரம்பு வரை கீழே வந்து மீண்டும் ஏறினாலொழிய அடுத்த மணி கிடையாது. வரம்பு ஒன்றே ஒன்றாக இருந்தால், 79க்கும் 81க்கும் இடையே ஊசலாடும் சுமை இரவு முழுவதும் நூறு முறை மணியடிக்கும். கேட்பவர் மூன்றாம் நாள் மணியின் நாவைக் கட்டிவிடுவார். 1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்தின் முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. அவற்றை அச்சிட்ட எந்திரம் நிகழ்வுகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியது. ஓயாத மணியும் ஊமை மணியும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன.

சுமைப் பகிர்வியின் தோற்றத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மொசைக் உலாவியை உருவாக்கிய இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தின் வலைத்தளத்துக்கு 1990களின் தொடக்கத்தில் பெருங்கூட்டம் வரத் தொடங்கியது. ஒரு சர்வரால் தாங்க இயலவில்லை. ஒரே பெயருக்குப் பல சர்வர் முகவரிகளை வைத்து, கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் அடுத்த முகவரியைச் சுழற்சி முறையில் தரும்படி பெயர் சேவையை மாற்றினார்கள். அழகான தந்திரம். ஆனால் பெயர் சேவைக்குச் சர்வரின் நலம் தெரியாது. மூன்றில் ஒன்று விழுந்தாலும் மூவரில் ஒருவரை அது அங்கேயே அனுப்பும். அந்த மூன்றாமவர் வெற்றுத் திரையைப் பார்ப்பார். சினந்து மின்னஞ்சல் எழுதுவார். எச்சரிக்கை அமைப்பு என்று எவரும் பெயரிடாவிட்டாலும், அந்த மின்னஞ்சல் ஓர் எச்சரிக்கையே.

1990களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த தனிக் கருவிகள் இக்குறையைத் தீர்த்தன. எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி 1997இல் வந்தது. இத்தகைய கருவிகள் பின்னாலுள்ள சர்வர்களைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். பதில் தராததை உடனே விலக்கிவிடும். பயனருக்கு எதுவும் தெரியாது. எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் விற்பனைச் சிறப்பு. நான் இங்கே வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: சுமைப் பகிர்வி மரணத்தை மறைக்கும் கருவி. அது வருவதற்கு முன் பழுதுக்குச் சாட்சியாகப் பயனரின் புகார் இருந்தது. அது வந்த பிறகு அந்தச் சாட்சி வாயடைக்கப்பட்டது. மறைப்பது எவ்வளவு திறமையாக நடக்கிறதோ, அதே அளவுக்கு எச்சரிக்கைப் பக்கத்தின் பொறுப்பு கூடுகிறது. ஏனெனில் உண்மை வெளியே வருவதற்கு வேறு வழி எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. ஆனால் எல்லா நிறுவனங்களிலும் சுமைப் பகிர்வு முதல் நாளே கட்டமைக்கப்படுகிறது. எச்சரிக்கை, நேரம் கிடைக்கும்போது.

தட்டிப் பார்ப்பதிலும் தரங்கள் உண்டு. பிங் என்ற சோதனை, மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரலின் வழி வந்தது. நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலியலையின் ஓசைதான் அதன் பெயர். எதிரே ஒரு கணினி இருக்கிறது என்பதை அது சொல்லும். அந்தக் கணினியில் தரவுத்தளம் உறைந்துபோய், விண்ணப்பப் படிவம் திறக்காமல் கிடந்தாலும் பிங்குக்குப் பதில் வரும். மூச்சிருக்கிறதா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்ப்பது வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் பொருளோடு வருகிறதா என்று பார்ப்பது வேறு. எங்கள் வளாகத்துக் கருவியில் முதலாவது மட்டுமே இருந்தது என்பதையும் குறித்துவைக்கிறேன்.

இந்த வரலாற்றில் வலையமைப்புக்கு வெளியேயும் படிக்க வேண்டிய பக்கங்கள் உண்டு. சுமையும் எச்சரிக்கையும் சேர்ந்தே விழுந்த நாள்கள் அவை. 1991 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில் மின்தேவை மிகுந்திருந்ததால், மின் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஏடி அண்டு டி நிறுவனம் தன் தொலைபேசி நிலையம் ஒன்றைச் சொந்த மின்னாக்கிகளுக்கு மாற்றியது. மின்திருத்திகள் செயலிழந்தன, நிலையம் ஓசையின்றி மின்கலங்களுக்குத் தாவியது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் மின்கலங்கள் தாங்கின. எச்சரிக்கை விளக்குகளைக் கவனித்திருக்க வேண்டியவர்கள் அப்போது ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். வகுப்பின் பொருள், மின்சார எச்சரிக்கை அமைப்பு. மின்கலங்கள் தீர்ந்ததும் நகரின் மூன்று பெரிய விமான நிலையங்களும் முடங்கின.

2003 ஆகஸ்ட் 14 இன்னும் நுட்பமானது. ஓஹாயோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட் எனர்ஜி மின் நிறுவனக் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2.14 மணிக்கு எச்சரிக்கை மென்பொருள் உறைந்தது. அது உறைந்ததை அறிவிக்க எந்த எச்சரிக்கையும் இல்லை. 2.41க்கு அதைத் தாங்கிய சர்வர் விழுந்தது. பணிகள் அனைத்தும் முறைப்படி மாற்றுச் சர்வருக்குத் தாவின. உறைந்த நிரலும் சேர்ந்தே தாவியது. 2.54க்கு மாற்றுச் சர்வரும் விழுந்தது. நோயாளியை மட்டும் மாற்றுவதாக நினைத்து நோயையும் மாற்றிய கதை. சர்வர் விழுந்ததைக் கணினிப் பிரிவு ஊழியர்களுக்குத் தானியங்கிச் செய்தி சரியாகவே அறிவித்தது. அவர்கள் மறுதொடக்கம் செய்தார்கள். எச்சரிக்கைகள் மீண்டனவா என்று கட்டுப்பாட்டு அறையிடம் கேட்கவில்லை. இடையில் பக்கத்து மின் நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, ஒரு 345 கிலோவோல்ட் தடம் துண்டித்து மீண்டதைச் சொன்னார்கள். இயக்குநர்களின் திரையில் அப்படி எதுவும் இல்லை. திரை மௌனமாக இருந்தது. மௌனத்தை நம்பினார்கள். 3.05 முதல் 3.41 வரை மூன்று பெரும் தடங்கள் அடுத்தடுத்து மரக்கிளைகளைத் தொட்டுத் துண்டித்தன. மாலை 4.13க்குள் சுமார் 5 கோடிப் பேர் இருளில்.

2012 ஜூலை 30, 31 நாள்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். முதல் நாள் அதிகாலை 2.33க்கு வடக்கு மண்டல மின்தொகுப்பும், மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களும் சரிந்தன. நேரொத்த இணைப்பில் அப்போது சேராதிருந்த தென்மண்டலம் தப்பியது. மத்தியப் பிரதேசத்தின் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டித்ததே உடனடித் தூண்டுதல். அத்தடத்தில் பழுது எதுவும் இல்லை. மிகுந்த சுமையையும் தாழ்ந்த மின்னழுத்தத்தையும் பார்த்த பாதுகாப்பு ரிலே, அதைக் குறுக்குச் சுற்று என்று பிழையாக வாசித்தது. ஒரு வரம்பு மதிப்பு பழுதையும் பாரத்தையும் பிரித்தறியத் தவறியது என்று இதைச் சொல்லலாம். ஆனால் விசாரணைக் குழு கண்ட காரணங்களுள் என்னை நிறுத்தியது மற்றொன்று: ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுப்பதைக் குறைக்குமாறு மண்டல மையங்கள் அறிவுறுத்தியும், மாநில மையங்கள் போதிய அளவில் செவிசாய்க்கவில்லை. அதிர்வெண் தாழ்ந்தால் தானாகவே சுமையை வெட்டியிருக்க வேண்டிய ரிலேக்களும் எதிர்பார்த்த நிவாரணத்தைத் தரவில்லை. நியூயார்க்கில் மணியைக் கேட்க ஆள் இல்லை. ஓஹாயோவில் மணியே இல்லை. இங்கே மணி ஒலித்தது, கேட்டது, கேட்டவர் எழவில்லை. மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணியைத்தான் நாம் எப்போதும் நினைவுகூர்கிறோம். பசு கயிற்றை இழுத்தபோது அரசன் எழுந்து வெளியே வந்தான் என்ற பகுதி அதைவிட அரிதான செய்தி. (ஆராய்ச்சி மாணவன் மணியைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு சிலேடையையாவது மன்னிக்க வேண்டும்.)

வளாகத்துக்குத் திரும்புகிறேன். நண்பரும் நானும் ஒரு மாலை முழுவதும் அந்தப் பக்கத்தோடு அமர்ந்திருந்தோம். கட்டங்களை மாற்றியவர் அவர், கேள்வி கேட்டுத் தொல்லை கொடுத்தவன் நான். செயலி வரம்பு 70க்கு வந்தது. இயல்பு மதிப்பு 55. சர்வர்களின் நலத்தை அறிய, பிங்குக்குப் பதிலாக விண்ணப்பப் பக்கத்தையே திறந்து, அதில் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இரண்டில் ஒன்று விழுந்தாலே மிகத் தீவிரம் என்ற தரம். முன்பு அது வெறும் தகவல் என்ற தரத்தில் இருந்தது. ட்ராப் பெறும் இடம் இரண்டாயின. அனுப்பும் முகவரியில் ஓர் ஆளின் பெயருக்குப் பதிலாக அந்த வாரப் பணிமுறைக்குரிய பொது முகவரி. எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும், தினமும் காலை 9 மணிக்கு "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி. அது வராத நாளில் யாராவது எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது எழுத்தில் உள்ள ஏற்பாடு. அந்த எழுத்தில் கையொப்பம் பெறுவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. எவருக்கு இரவில் அழைப்பு வரும், அந்த இரவுக்கு ஈடு விடுப்பு உண்டா என்ற கேள்விகளைக் கருவியின் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. ஒப்பந்த ஊழியர் ஒருவர் அவற்றைக் கேட்டார். சரியாகவே கேட்டார்.

முதல் சோதனைக்காக ஒரு திங்கட்கிழமை பிற்பகல் இரண்டாவது சர்வரின் கம்பியைப் பிடுங்கினோம். ஒரு நிமிடத்துக்குள் செய்தி வந்தது. பணியில் இருந்தவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடி வந்தார். கம்பி எங்கள் கையில் இருப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். முன்னறிவிப்பின்றிச் செய்தது எங்கள் தவறு. ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு நிறைவாக இருந்தது.

தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறு மாணவர்கள் கொடுத்த மனு, நிகழ்ந்ததை விளக்கும் எங்கள் குறிப்போடு அலுவலகத்தில் இருக்கிறது. கொடுத்து ஆறு வாரங்கள் ஆகின்றன. இதுவரை பதில் இல்லை.